சிக்னலில் உதறும் வண்டி

கார்புரேட்டர் காலத்தின் கடைசி வருஷங்களை நினைத்தால் என் கண்ணில் முதலில் வருவது கார் இல்லை, ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான். 'ஐடிலிங் நிக்கல' என்று வண்டி வந்தால், மெக்கானிக் பானெட்டைத் தூக்குவார், மிக்ஸ்சர் ஸ்க்ரூவை அரைத் திருகு உள்ளே விடுவார், கால் திருகு வெளியே எடுப்பார், தலையைச் சாய்த்துக் கேட்பார், 'இப்பப் பாருங்க' என்பார். அந்தக் காலம் சட்டென்று முடிந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ எம்பிஎஃப்ஐ என்ஜினோடு, அதாவது சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டரோடு, தெருவுக்கு வந்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்துக்குப் புகை விதிகளை முடுக்கிவிட்டது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல், ஏப்ரலில் புதிய புகை விதி. அடுத்த கட்ட விதி சென்னைக்கு 2001-இல் வந்து சேர்ந்தது. மாருதி 800கூடத் தன் 796 சிசி மூன்று சிலிண்டர் என்ஜினை வைத்துக்கொண்டே கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்ஜெக்டர் மாட்டிக்கொண்டது. இவை எல்லாவற்றுக்கும் தெருவில் ஒரே பெயர், 'கம்ப்யூட்டர் வண்டி'. அந்தப் பெயரில் மரியாதையும் பயமும் பாதிக்குப் பாதி இருந்தன. பிறகு வந்த இருபது வருஷக் குழப்பத்துக்கு அந்தப் பயம்தான் விதை என்று எனக்குப் படுகிறது.

ஏனென்றால், கார்புரேட்டரை அக்கக்காகப் பிரித்துக் கோத்த அதே கை, கம்ப்யூட்டர் வண்டியின் பானெட்டுக்குள் போகத் தயங்கியது. சிலர் 'இது நம்ம வேலை இல்ல, கம்பெனி சர்வீஸ்ல காட்டுங்க' என்று ஒதுங்கினார்கள். மற்றவர்கள் 'சென்சார் போயிருக்கும், மாத்திப் பாக்கலாம்' என்று துணிந்தார்கள். இரண்டாவது வாக்கியம் அந்த வருஷங்களில் எத்தனை ஒர்க்‌ஷாப்களில் ஒலித்தது என்பதற்குக் கணக்கில்லை. வண்டி சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா? ஆக்சிஜன் சென்சார். ஏசி போட்டால் அணைந்துபோகிறதா? ஐடில் வால்வு. ரேஸ் தானாக ஏறி இறங்குகிறதா? த்ராட்டில் சென்சார். அதுவும் சரியாகாவிட்டால் இசிஎம், அந்தக் கம்ப்யூட்டரே. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாக வாங்கி, கட்டுப்படியாகாவிட்டால் புதுப்பேட்டையில் பழசு வாங்கி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார்கள். தலைவலிக்குத் தலையணை மாற்றுகிற வைத்தியம். நான் இங்கே சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது: பழைய இன்ஜெக்‌ஷன் வண்டி ஐடிலில் உதறினால், கோளாறு பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கும் சென்சாருக்கும் முன்னாலேயே, காற்று போகிற வழியிலும் தீப்பொறியிலும் இருக்கிறது, சென்சார் என்பது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். அவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் அனுபவம் மட்டுமல்ல, கணக்கும்தான்.

ஒரு லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜினை எடுத்துக்கொள்வோம். ஐடிலில் நிமிஷத்துக்கு 850 சுற்று. ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கிறது. ஆகவே வினாடிக்கு ஏழு வெடிப்பு, நான்கும் சேர்ந்தால் இருபத்தெட்டு. த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடிக்கிடப்பதால் சிலிண்டருக்குள் போகிற காற்று, அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எடையில் சொன்னால் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு ஈடாக இன்ஜெக்டர் தெளிக்க வேண்டிய பெட்ரோல் 7 மில்லிகிராம் அளவு. ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இல்லை. இந்த மொத்த என்ஜினும் ஐடிலில் உயிரோடிருக்க உறிஞ்ச வேண்டிய காற்று வினாடிக்கு மூன்று கிராமுக்குள்தான். இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் உறிஞ்சு வேகத்துக்கு அவ்வளவு காற்று நுழைய நாலு, நாலரை மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போதும். இந்த இடத்தில் நிதானித்துப் பார்க்க வேண்டும். என்ஜினின் ஐடில் உயிர் முழுக்க ஒரு பென்சில் பருமனைவிடச் சின்ன ஓட்டை வழியாகப் போகிறது என்றால், பக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் விரிசல் ஒன்று விழுந்தால் என்ன ஆகும்? வேண்டாத காற்று நூற்றுக்குப் பன்னிரண்டு அதிகம். அதே வண்டி ஜிஎஸ்டி ரோட்டில் ஓடும்போது என்ஜின் குடிக்கும் காற்று ஆறேழு மடங்கு. அந்த விரிசல் அங்கே கணக்கிலேயே வராது. 'ஓட்டும்போது ஒண்ணும் தெரியல, நின்னாத்தான் உதறுது' என்ற, எல்லா ஓனர்களும் சொல்கிற அந்த வாக்கியம் குழப்பமான வாக்கியமே இல்லை. அது பாதி நோயறிதல்.

விரிசல் எங்கே விழும் என்பதும் ரகசியமில்லை. ரப்பரில் விழும். என்ஜின் சூட்டிலும் ஆயில் ஆவியிலும் பத்துப் பதினைந்து வருஷம் வெந்த ரப்பர் இரண்டு விதமாகக் கெடுகிறது. காய்ந்து மண்பானை ஓடு போல விறைத்துவிடும். அல்லது ஆயில் ஊறி, தொட்டால் அமுங்கும் களி போலாகிவிடும். என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் குட்டை ஹோஸை இதற்கு நல்ல சாட்சியாகச் சொல்லலாம். மேலிருந்து பார்த்தால் அது புதுசு மாதிரியே இருக்கும். துணியால் துடைத்தால் பளபளக்கவும் செய்யும். விரலை அடியில் விட்டு, வளைவின் உள்பக்கத்தை அழுத்தினால்தான், கிளிப்புக்குக் கீழே, நகக்கண் நீளத்துக்கு வாய் திறக்கும். என்ஜின் ஓடும்போது உறிஞ்சு வேகத்தில் அந்த வாய் மூடியும் மூடாமலும் இருக்கும். என்ஜின் சூடேறினால் ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளும். 'காலையில உதறுது, அரை மணி நேரம் ஓட்டினா சரியாயிடுது' என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் உட்காரும் ஓ-ரிங், த்ராட்டில் பாடியின் அடிக் கேஸ்கெட், எதிலும் மாட்டாமல் சும்மா நிற்கும் குழாயின் ரப்பர் மூடி – இவை எல்லாம் அதே குடும்பம். ஐடிலில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் என்ஜின் சத்தம் மாறி, மாறியபடியே நின்றால் பூஸ்டரின் டயஃப்ரம்மில் ஓட்டை. இதைக் கண்டுபிடிக்க ஒரு கால் போதும். மற்றவற்றுக்கு ஒரு பாட்டில் தண்ணீர்த் தெளிப்பான். சந்தேகப்பட்ட இடத்தில் தெளித்தால், ஓட்டை இருந்தால் தண்ணீர் ஒரு கணம் அதை அடைக்கும், என்ஜின் சத்தம் மாறும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அதை அடிப்பது தற்கொலைக்குச் சமம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, இதைத் தவறவிட்டவர்கள் அதிகம். காற்று கசிந்தால் ஐடில் குறையும், என்ஜின் இளைக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது காற்றின் எடையை வழியிலேயே அளக்கும் வண்டிகளுக்குச் சரி. அளவுமானியைத் தாண்டி நுழைந்த காற்று கணக்கில் சேராது, பெட்ரோல் குறைந்துபோகும். நம் ஊர்ச் சிறு கார்களில் பலவும் வேறு வகை. அவை மேனிஃபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சாரால் பார்த்துக் காற்றை ஊகிப்பவை. 1967-இல் பாஷ் நிறுவனம் வோக்ஸ்வாகன் 1600-க்குக் கொடுத்த டி-ஜெட்ரானிக் தொடங்கி வந்த பழைய முறை அது. இதில் கசிந்த காற்றும் அழுத்தமாகக் கணக்கில் வந்துவிடும், கம்ப்யூட்டர் அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுக்கும். ஆகவே ரேஸ் ஏறும். ஏறியதைக் கண்டு ஐடில் வால்வு காற்றை அடைக்கும். அடைக்க முடிந்த மட்டும் அடைத்தபின் ரேஸ் ஊஞ்சலாடும். கசிவு ஒரே சிலிண்டரின் வாசலில் இருந்தால் கதை வேறு: அந்தச் சிலிண்டர் மட்டும் காற்று மிகுந்து தத்தளிக்கும், மற்ற மூன்றும் நன்றாக எரியும், வண்டி ஒரு தாளத்தோடு உதறும். ஒரே ஓட்டை, வண்டியின் வகையையும் இடத்தையும் பொறுத்து மூன்று விதக் குறி. குறியைப் பார்த்துப் பாகத்தை மாற்றுகிறவன் இங்கே தோற்றுத்தான் ஆக வேண்டும்.

'அதெல்லாம் ஸ்கேனர் இல்லாத காலத்துப் பேச்சு. இப்போது செருகினால் கோட் வந்துவிடுகிறதே' என்பது முதல் எதிர்வாதம். நியாயமான வாதம்தான், பாதி தூரம் வரைக்கும். முதலில், நாம் பேசும் வண்டிகளில் பலவற்றுக்கு ஓபிடி, அதாவது வண்டியே தன் கோளாறைக் கண்டு சொல்லும் ஏற்பாடு, கட்டாயமே இல்லை. அது இங்கே சட்டத்துக்குள் வந்தது 2010-இல்தான். பழைய சுசுகி வகையில் ஒரு துண்டு வயரால் இரண்டு முனையை இணைத்து, செக் என்ஜின் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ண வேண்டும். ஒன்று, இடைவெளி, இரண்டு என்று மின்னினால் பன்னிரண்டு. அதன் பொருள் கோளாறில்லை. வண்டி உங்கள் கண் முன்னால் உதறிக்கொண்டிருக்கும், விளக்கு நிதானமாகப் பன்னிரண்டு சொல்லும். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. அதற்குக் கண் இருக்கும் இடங்களில் கோளாறு இல்லை என்கிறது. ரப்பர் ஹோஸில் அதற்குக் கண் இல்லை.

கோட் வருகிற வண்டிகளில் ஆபத்து இன்னும் அதிகம். பிளக் ஒன்று சரியாகப் பொறி விடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிலிண்டரில் பெட்ரோலும் எரியவில்லை, காற்றும் எரியவில்லை. எரியாத ஆக்சிஜன் அப்படியே எக்ஸாஸ்டுக்கு வருகிறது. ஆக்சிஜன் சென்சாருக்குத் தெரிந்தது ஆக்சிஜன் மட்டும். பெட்ரோல் மிச்சமிருப்பது அதற்குத் தெரியாது. 'காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்று சொல்கிறது. கம்ப்யூட்டர் நம்பி, எல்லாச் சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. நன்றாக எரிந்துகொண்டிருந்த மூன்று பிளக்கும் கறுத்துப்போகின்றன. கடைசியில் பி 0171 என்று 'கலவை இளைப்பு' கோட், பிளக்கோ கரி, மைலேஜோ பாதாளம். ஒரு பக்கம் இளைப்பு என்கிறது இயந்திரம், இன்னொரு பக்கம் கறுப்பு என்கிறது பிளக். இந்த முரணைப் பார்த்து மெக்கானிக் எடுக்கும் முடிவு, 'ஆக்சிஜன் சென்சார் தப்பாக் காட்டுது, மாத்திடுவோம்'. சென்சார் ஒன்றுதான் அந்த வண்டியில் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சென்சாருக்கு முன்னால் விரிசல் இருந்தாலும் இதே நாடகம்தான், வெளிக்காற்று உள்ளே போய்ச் சென்சாரை ஏமாற்றும். கோட் என்பது புகார் மனு. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. ஸ்கேனரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் கோட் என்பதைவிட ஓடும் எண்கள் ஆயிரம் மடங்கு மேல்: காற்றை எடை போடும் வண்டியில், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதமான ஃபியூயல் ட்ரிம் ஐடிலில் கூட்டல் இருபது, 2500 சுற்றில் கூட்டல் மூன்று என்று காட்டினால் காற்றுக் கசிவு என்று அடித்துச் சொல்லலாம், முந்தைய கணக்கின்படியே. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு; கோட் எண்ணைப் படித்ததும் செல்போனை எடுத்துப் பாகத்தின் விலை கேட்பவர்களே அதிகம்.

கார்புரேட்டர் காலத்துக் காது இனிச் செல்லாக்காசு என்று நினைத்ததுதான் எனக்கு இன்றும் வருத்தம். பெட்ரோல் போகும் வழி மாறியது உண்மை. என்ஜின் அதே நாலு ஸ்ட்ரோக்தான். தாளத்தோடு உதறினால் ஒரு சிலிண்டர். தாளமில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக உதறினால் கலவை. சைலன்சர் வாயில் ஒரு காகிதத்தைப் பிடித்தாலே இந்த வித்தியாசம் தெரியும். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால், தையல் மிஷின் ஊசி போலச் சீராக டிக் டிக் என்று கேட்கும். ஒன்று மட்டும் மழுங்கிக் கேட்டால் அதில் அழுக்கு, கேட்காவிட்டால் வயர் அல்லது காயில். மல்டிமீட்டரில் 12 முதல் 16 ஓம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பிறகு இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது: எதைக் கழற்றினாலும் என்ஜின் சட்டென்று தொய்ய வேண்டும். எதைக் கழற்றியும் தொய்யவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. நாலு நிமிஷ வேலை. அதன் பின்னால் வர வேண்டியது வேக்கம் கேஜ். நாடி பார்ப்பது என்பார்களே, என்ஜினுக்கு அதுதான் நாடி. கடலோர ஊரில் நல்ல என்ஜின் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும், முள் அசையாமல் நிற்கும். முள் தாளத்தோடு துடித்தால் வால்வு; தாழ்வாக ஆனால் உறுதியாக நின்றால் டைமிங் – பெல்ட் மாற்றும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார்கள் என்பதற்கு இதுதான் முதல் அறிகுறி. ஊட்டியில் இதே கேஜை மாட்டினால் நல்ல என்ஜினும் 12 பக்கம்தான் காட்டும். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறையும். அங்கே போய் என்ஜினைக் குறை சொல்லக் கூடாது.

காற்று வழியைப் பற்றிப் பேசும்போது த்ராட்டில் பாடியின் கரியை விட்டுவிட முடியாது. தட்டின் விளிம்பைச் சுற்றி, கண்ணுக்கு மை இட்டது போல ஒரு கறுப்பு வளையம் படிந்திருக்கும். ஐடிலுக்கு வேண்டிய காற்று அந்த விளிம்பின் மயிரிழை இடைவெளி வழியாகவும் பக்கத்து ஐடில் வால்வு வழியாகவும் போகிறது. இரண்டையும் கரி அடைத்தால் வண்டி சிக்னலில் அணையத்தானே செய்யும்? இதற்கு மருந்து கிளீனரும் துணியும். நடைமுறையில் நடப்பது வேறு. த்ராட்டிலை நிறுத்தும் ஸ்டாப்பர் ஸ்க்ரூ, கம்பெனியில் பெயின்ட் பூசி முத்திரையிட்டு அனுப்பியது, அதைத் திருகி ரேஸை ஏற்றிவிடுகிறார்கள். 'ஸ்க்ரூவைத் திருகினேன், நின்றுவிட்டது, அப்புறம் என்ன?' என்பார்கள். நின்றது உண்மைதான். ஆனால் த்ராட்டில் சென்சார் மூடிய நிலையில் அரை வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஸ்க்ரூவைத் திருகியதும் அது கூடிப்போகிறது, கால் ஆக்சிலரேட்டரில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்கிறது, ஐடிலைப் பார்த்துக்கொள்ளும் வேலையையே விட்டுவிடுகிறது. ஏசி போட்டால் தாங்கிக்கொள்ளாது, கியரில் இறங்கும்போது பெட்ரோலை நிறுத்தாது. பழைய வண்டி ஒன்றை வாங்கப் போகிறவர்கள் அந்த ஸ்க்ரூவின் பெயின்ட் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வண்டியின் ஜாதகம் அங்கே தெரியும்.

தீப்பொறிப் பக்கம் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கும், பிளக் வயரில் மின்சாரம் வழியிலேயே கசியும். இருட்டில் பானெட்டைத் திறந்தால் நீலமாக மினுக்கும். டேப்பெட் விஷயம் அப்படி இல்லை, அதில் பொதுப் புத்தி தலைகீழாக இருக்கிறது. டேப்பெட் சத்தம் போட்டால் ஓனர் பதறுகிறார், சத்தமில்லாவிட்டால் நிம்மதி. கேஸ் போட்டு ஓட்டிய வண்டிகளில் இந்த நிம்மதி விலை கூடியது. எல்பிஜியில் ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வு அதன் இருக்கையில் மெல்ல மெல்ல உள்ளே புதைகிறது, டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது, சத்தமும் குறைகிறது. ஒரு நாள் இடைவெளியே இல்லாமல் வால்வு முழுக்க மூடாது. வேகத்தில் தெரியாது, ஐடிலில் அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷன் ஒழுகிவிடும். வண்டி உதறும், என்ஜின் சத்தமோ வெண்ணெய் மாதிரி இருக்கும். சென்சார் கணக்கில் இதைத் தேடுகிறவர் எந்தக் காலத்தில் கண்டுபிடிப்பார்? ஃபீலர் கேஜ் ஒன்றுதான் இதற்குச் சாட்சி சொல்லும்.

சென்சார் கெடவே கெடாது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூலன்ட் வெப்ப சென்சார் கெடும். 20 டிகிரியில் இரண்டு, மூன்று கிலோ ஓம் காட்டி, 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்க வேண்டியது, இறங்காமல் நின்றுவிட்டால், கொதிக்கும் என்ஜினைக் கொடைக்கானல் விடியற்காலை என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டு பெட்ரோலை ஊற்றும். ஆனால் பாருங்கள், இதையும் வெந்நீரும் மல்டிமீட்டரும் வைத்து, புதுசு வாங்காமலே சொல்லிவிடலாம். என் வாதம் சென்சாருக்கு வக்காலத்து அல்ல, அளக்காமல் மாற்றாதே என்பதுதான். அதேபோல, உதறுவதெல்லாம் என்ஜின் கோளாறும் இல்லை. முள் அசையாமல் நிற்கிறது, காகிதம் சீராக ஆடுகிறது, ஆனாலும் டாஷ்போர்டு நடுங்குகிறது என்றால் என்ஜின் மவுன்ட் கிழிந்திருக்கிறது. மூன்று சிலிண்டர் என்ஜினின் பிறவி ஆட்டத்தை அதுவரை மறைத்துக்கொண்டிருந்தது அந்த ரப்பர்தான்.

இனிக் காசு பற்றிய எதிர்வாதம், இதுதான் கனமானது. 'ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டை தேடினால் கூலி யார் தருவார்? பாகம் மாற்றினால் கஸ்டமர் மறுபேச்சில்லாமல் தருகிறார்.' மெக்கானிக் தரப்பில் இது முழு உண்மை. மேலை நாடுகளில் கூலி அதிகம், ஆகவே தேடுவதைவிட மாற்றுவது சில சமயம் மலிவு. நம் ஊரில் கூலி குறைவு, பாகம்தான் விலை. அப்படியென்றால் தேடுவதுதான் இங்கே லாபமாக இருக்க வேண்டும். இல்லாமல் போனதற்குக் காரணம் நாம்தான். பழுதான பாகத்தை அட்டைப்பெட்டியில் போட்டுக் காட்டினால் பணம் கொடுக்கிறோம். 'ஹோஸ் விரிசல், வெட்டி மாட்டிட்டேன்' என்று ஒருவர் சொன்னால், 'இதுக்கா ஐநூறு?' என்று கேட்கிறோம். கண்டுபிடித்த மூளைக்குக் கூலி கிடையாது, சும்மா கிடந்த பெட்டிக்கு உண்டு என்றால், பெட்டிதான் விற்கும். அந்தக் காலத்தில் நல்ல காது படைத்தவர்கள் பலர் பாகம் மாற்றுகிறவர்களாக ஆனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது புதிதாக ஒரு குற்றவாளி கிடைத்திருக்கிறது, இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய வண்டி எது உதறினாலும் எத்தனால் தலையில் போடுகிறார்கள். எத்தனாலுக்கு இதில் பங்கு இருக்கிறது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்குப் பதின்மூன்றரை கிலோ போதும். அதாவது அதே காற்றுக்குப் பெட்ரோலைக் கன அளவில் நூற்றுக்கு எட்டுப் போலக் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். பழைய ரப்பருக்கும் அது ஆகாது. ஆனால் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு நடக்கும் கம்ப்யூட்டர் இருபது, இருபத்தைந்து சதவீதம் வரை தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும். எட்டு அதற்குப் பெரிதில்லை. காற்றை எடை போடும் வண்டியில் பன்னிரண்டு சதவீதக் கசிவு ஏற்கெனவே இருந்தால்? பன்னிரண்டும் எட்டும் இருபது. வேலி தாண்டும் இடம். பம்ப்பை மாற்றிக்கொண்டு அலைந்து பயனில்லை. பன்னிரண்டைச் சரி செய்தால் எட்டை வண்டி தாங்கிக்கொள்ளும். சான்ட்ரோவும் மாருதி ஜென்னும் இந்த வயதுக்கு மேல் எதற்கு, கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கு என்பவர்களிடம் எனக்கு வாதம் இல்லை. அது அவரவர் பணம். ஆனால் ஒரு ரப்பர் துண்டுக்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

அடுத்த முறை வண்டியை விடும்போது ஒன்று கேளுங்கள். ஐடிலில் வேக்கம் எவ்வளவு இருந்தது, வேலை முடிந்தபின் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு எண்களைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.